அம்மாவுக்கு நான் கொண்டுபோன மாத்திரை

என் தம்பி பொண்டாட்டி மேல் எனக்குப் பொறாமை. இதை எழுதும்போதும் அது இருக்கிறது. போய்விட்டது என்று சொன்னால் பொய். அந்தப் பொறாமையால் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் நான் ஒருமுறை சும்மா இருந்துவிட்டேன். அதில் என் அம்மா செத்திருப்பாள்.

நான் புதுச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். பெரிய மார்க்கெட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பார்மசி டிப்ளமோ படித்தவள். அதே மார்க்கெட்டில் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் மீன் விற்றாள். விடியறதுக்கு முன்னாலேயே கூடையோடு கிளம்பிவிடுவாள், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறாக்கி முடித்த பிறகுதான் வருவாள். எனக்கு அவள் தலை வாரிவிட்ட ஞாபகம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசின ஞாபகமும் இல்லை. வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு படுத்துவிடுவாள். அது அவள் குற்றமில்லை. அவள் கூடை தூக்கியதால்தான் நான் படித்தேன். இருந்தாலும் சொல்கிறேன், எனக்குக் கிடைத்தது அந்த அம்மாதான்.

தம்பி பொண்டாட்டிக்குக் கிடைத்தது வேறொரு அம்மா. எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா மார்வலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். அதோடு அம்மா மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு, கருவடிக்குப்பத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி பொண்டாட்டி புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அம்மா காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள். அம்மா அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். நான் ஞாயிற்றுக்கிழமை போய் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

"இன்னாம்மா சிரிச்சிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்பேன்.

"ஒண்ணுமில்லடி, சும்மா" என்பாள் அம்மா.

ஒருநாள் அம்மாவின் கல்லு கம்மலைத் தம்பி பொண்டாட்டி காதில் பார்த்தேன். நான் சின்ன வயதில் போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டபோது, தொலைத்துவிடுவாய் என்று கொடுக்காத கம்மல். "அத்தைதான் போட்டுக்கச் சொன்னாங்க அண்ணி, நல்லா இருக்கா?" என்று அவள் காதைத் திருப்பிக் காட்டினாள். நல்லாத்தான் இருந்தது. அன்று சாப்பிடாமல் வந்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

எதிர்வீட்டுக்காரியிடம் அம்மா ஒருமுறை, "இவதான் எனக்குப் பொண்ணு" என்று தம்பி பொண்டாட்டியைக் காட்டிச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மருமகளைப் பெண் மாதிரி வைத்திருக்கிறேன் என்று பெருமைக்குச் சொன்னதுதான். எதிர்வீட்டுக்காரியும் பாராட்டினாள். நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

அம்மாவிடம் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு விஷயம்தான். மாத்திரை.

அப்பா செத்த புதிதில் அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று நடந்துகொண்டே இருப்பாள். நான்தான் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அல்பிரசோலம் எழுதினார், மிகக் குறைந்த அளவு, ராத்திரிக்கு ஒன்று. "ரெண்டு வாரம் குடுங்க. அப்புறம் கூட்டிட்டு வாங்க, குறைச்சி நிறுத்திடலாம்" என்றார். அம்மா தூங்கினாள். இரண்டு வாரம் முடிந்தது. திரும்ப நாங்கள் போகவே இல்லை. மாத்திரைதான் நான் வேலை செய்யும் கடையிலேயே இருக்கிறதே.

அல்பிரசோலம் பென்சோடயசிபின் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. பதற்றத்தைக் குறைக்கும், தூக்கம் தரும், வலிப்பை அடக்கும். கொஞ்ச நாளைக்கு மிக நல்ல மருந்து. நாள் ஆக ஆக உடம்பு அதற்குப் பழகிவிடும். முதலில் ஒன்றில் வந்த தூக்கம் பிறகு ஒன்றில் வராது. வயதானவர்களுக்கு நடையில் தள்ளாட்டம், மறதி, பகலில் மந்தம் எல்லாம் வரும். விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் எனக்குப் பரீட்சைக்குப் படித்த காலத்திலிருந்தே தெரியும். தெரிந்தும் செய்தேன். அம்மா "ஒண்ணு பத்தலடி" என்றபோது அளவு கூடின மாத்திரையாகக் கொண்டுபோனேன். "பகல்லயும் படபடன்னு இருக்கு" என்றபோது காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஆனது. கடைசியில் ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம் மாத்திரை மூன்று. எந்த டாக்டரும் எழுதியதில்லை. நான்தான் எழுதாத டாக்டர்.

கடையில் நான் கறார். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வயதான ஒருவர் பழைய சீட்டை நீட்டித் தூக்க மாத்திரை கேட்பார். "புதுச் சீட்டு இல்லாம தரமாட்டேன் முசியே" என்று, ஐயா என்பதைப் பிரெஞ்சில் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். அவரும் "மெர்சி மதாம்" என்று பிரெஞ்சிலேயே நன்றியைக் கோபத்தோடு சொல்லிவிட்டுப் போவார். அதே கையால் சாயந்திரம் அம்மாவுக்கு இரண்டு அட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொள்வேன்.

ஏன் என்று இப்போது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே போனதும் அம்மா, "மாத்திரை கொண்டாந்தியா?" என்று கேட்பாள். காகிதக் கவரை நீட்டினால் முகம் மலரும். இந்த ஒன்றை மட்டும் தம்பி பொண்டாட்டியால் கொடுக்க முடியாது. அந்த மலர்ச்சியை நான் எனக்கு வந்ததாக எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் அம்மாவின் மறதி அதிகமானது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். கேஸைப் பற்றவைத்துவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா பெயரைச் சொல்லி எங்கே போனார் என்று ஒருநாள் கேட்டாளாம். தம்பி பொண்டாட்டி இதையெல்லாம் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். ஒரு ஞாயிறு அந்தத் தாள்களை என்னிடம் காட்டினாள்.

"அண்ணி, காலையில மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ளதான் இப்படி ஆவுது. இந்த மாத்திரையால இருக்குமோ?"

அவள் கணித்தது சரி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், கண்ணால் பார்த்து மட்டுமே கண்டுபிடித்துவிட்டாள். 

"நீ பார்மசி படிச்சிருக்கியா?" என்றேன்.

"இல்ல அண்ணி, கேட்டேன்."

"வயசானா மறதி வரத்தான் செய்யும். நீ உன் வேலையைப் பாரு."

அவள் தாள்களை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அம்மா கட்டிலில் பாதித் தூக்கத்தில் இருந்தாள். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டது அவள்தான்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. தொடையில் கத்திரிக்காய் நிறத்தில் பெரிய ரத்தக்கட்டு. சளிக்காகத் தம்பி வாங்கிக்கொடுத்த மாத்திரையும் அன்று வயிற்றில் இருந்தது. அதுவும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் தள்ளாட்டம் இரட்டிப்பாகும். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தேன், வழக்கம்போலக் கவரைக் கொடுத்தேன், வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் கடையில் இருந்தபோது தம்பி பொண்டாட்டி போன் செய்தாள்.

"அண்ணி, நேத்து நீங்க போனதிலேர்ந்து அத்தைக்கு மாத்திரைய நிறுத்திட்டேன். இருந்த எல்லாத்தையும் கக்கூஸ்ல போட்டுத் தண்ணி ஊத்திட்டேன். கம்பெனியில கூட வேலை செய்றவங்க சொன்னாங்க, அவங்க மாமியாருக்கும் இதே மாத்திரையாம், நிறுத்தினதும் தெளிவாயிட்டாங்களாம். நீங்க கோவிச்சிக்காதீங்க." கடைசியாக, "இனிமே கொண்டாராதீங்க அண்ணி" என்றாள்.

ஏழு வருஷம் தினமும் எடுத்த அல்பிரசோலத்தை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. இதை விட உறுதியாக எனக்குத் தெரிந்த விஷயம் குறைவு. மருந்து சீக்கிரம் உடம்பை விட்டு வெளியேறிவிடும். இத்தனை நாள் அதன் மேல் சாய்ந்திருந்த மூளை, பிடிமானம் போனதும் கட்டுக்கடங்காமல் ஓடும். கை நடுங்கும், வியர்க்கும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும். உயிரே போகலாம். நான் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: "அப்படி நிறுத்தாதம்மா, ஆபத்து. நான் இப்பவே மாத்திரையோட வர்றேன், நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம்."

வாய் வரை வந்தது. ஆனால் காதில் "இனிமே கொண்டாராதீங்க" என்பதுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி, உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டேன்.

இன்சுலின் வாங்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாக விளக்கிச் சொன்னேன். முன்பின் தெரியாதவருக்கு.

அன்று முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லாருக்கும் வலிப்பு வராது. இரண்டு நாள் தூக்கம் வராது, அம்மா எரிந்து விழுவாள், அவ்வளவுதான். தம்பி பொண்டாட்டி மேல் எரிந்து விழட்டும். அப்போது தெரியும் யார் அருமை என்று. இப்படித்தான் நினைத்தேன். கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவே போன் செய்தாள். அவளாக எனக்குப் போன் செய்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. குரல் நடுங்கியது.

"ஏண்டி, எனக்கு ஒடம்பெல்லாம் உள்ளுக்குள்ள நடுங்குது. தலையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இவ மாத்திரைய ஒளிச்சி வச்சிட்டா. நீ வந்து குடுத்துட்டுப் போடி."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெற்ற தாய் நடுங்கிக்கொண்டு பேசும்போது, அவள் என்னைக் கூப்பிட்டுவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போதே ஒரு ஆட்டோ பிடித்திருந்தால் கால் மணி நேரத்தில் போயிருப்பேன். அதற்குப் பதில் நான் சொன்னது இது:

"எனக்கு இன்னாம்மா தெரியும்? உன் மருமகளையே கேளு. அவதான உனக்குப் பொண்ணு."

 அம்மா மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அப்புறம் போனை எங்கேயோ வைத்துவிட்டாள், அணைக்காமல். தூரத்தில் தம்பி பொண்டாட்டி, "அத்தை, கஞ்சி ஆறுது, ஒரு வாய் குடிங்க" என்று கெஞ்சுவது கேட்டது. நான் கேட்டுக்கொண்டே இருந்து, பிறகு அணைத்தேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். "அக்கா, அம்மாவுக்கு வலிப்பு வந்துடுச்சி. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கோம்."

எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அவசரப் பிரிவில் அம்மாவுக்கு இரண்டாவது தடவை வலிப்பு வந்ததை நான் பார்த்தேன். கழுத்து பின்னால் வளைந்தது, பல் கிட்டியது, ஒரு கை கட்டில் கம்பியில் அடித்துக்கொண்டே இருந்தது. நர்ஸ் நரம்பில் ஊசி போட்டார். லோரசிபாம். நிறுத்தியதால் வந்த வலிப்பை அடக்கியது அதே குடும்பத்து மருந்துதான். கொஞ்ச நேரத்தில் கை அடங்கியது. அம்மா சின்னதாக, துணி மாதிரி கிடந்தாள்.

பணியில் இருந்த பெண் டாக்டர் எங்களை விட வயதில் மிகச் சிறியவர். "வழக்கமா என்னென்ன மருந்து சாப்பிடறாங்கன்னு எல்லாத்தையும் சொல்லுங்க. ஏதாவது நிறுத்தினீங்களா?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம் நிறுத்தினேன்" என்றாள் தம்பி பொண்டாட்டி. அழுது கண் வீங்கியிருந்தது. "தூக்க மாத்திரை. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து குடுக்கல."

"ஒரேயடியாவா? யாரையும் கேட்காமயா?"

தம்பி அவள் பக்கம் திரும்பினான். "எங்க அக்கா பார்மசிஸ்ட். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல? உன்னாலதான்டி எங்கம்மா இப்படிக் கெடக்குறாங்க!" அவ்வளவு பேர் நடுவில் சத்தம் போட்டான். பிறகு என்னைக் கேட்டான், "உன்கிட்ட ஏதாவது சொன்னாளாக்கா?"

தம்பி பொண்டாட்டி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

"இல்ல" என்றேன்.

அவள் கையில் போன் இருந்தது. திங்கட்கிழமை மதியம் என்னிடம் பேசினது அதில் இருக்கும். எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, புருஷன் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். இதிலும் இவள் என்னை விட நல்லவளாக இருக்கிறாளே என்ற ஆத்திரம். அவள் சத்தம் போட்டு என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அம்மா பிழைத்துவிட்டாள். மறுநாள் வார்டில் கண் விழித்தாள். குழப்பத்தில் சுவரில் மீன் தொங்குகிறது என்றாள். நான் கையைப் பிடிக்கப் போனேன், யாரென்று தெரியாமல் இழுத்துக்கொண்டாள். தம்பி பொண்டாட்டி தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்தாள். அவளையும் தெரியவில்லை. அந்த ஒரு நாள்தான் நாங்கள் இருவரும் சமமாக இருந்தோம்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வந்து எங்கள் மூன்று பேரையும் கட்டிலருகே நிற்கவைத்துப் பேசினார். அம்மாவுக்கு அதற்குள் ஓரளவு தெளிவு வந்திருந்தது, சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இந்த மாத்திரையை யார் எழுதிக்குடுத்தா?"

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா, எவ்வளவு அளவுன்னு சரியா தெரிஞ்சாதான் நான் திட்டம் போட முடியும். யாரையும் குத்தம் சொல்லக் கேட்கல."

குற்றம் சொல்லக் கேட்கவில்லை என்று அவர் சொன்னதுதான் என்னை உடைத்தது.

"நான்தான் சார்" என்றேன். "முதல்ல எழுதினது ரெண்டு வாரத்துக்குத்தான். அப்புறம் ஏழு வருஷமா நான்தான் கடையிலேர்ந்து கொண்டுபோனேன். கூட்டினதும் நான்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை மில்லிகிராம்." தம்பி வாயைத் திறந்தான். அவனை விடாமல் மேலே சொன்னேன். "நிறுத்திட்டேன்னு இவ திங்கக்கிழமையே எனக்கு போன் பண்ணா. நிறுத்தினா வலிப்பு வரும்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல. அம்மாவும் கூப்பிட்டாங்க. அப்பவும் போவல."

"ஏன்க்கா?" என்றான் தம்பி. அவன் குரலில் கோபம்கூட இல்லை.

 பொறாமை என்று ஆஸ்பத்திரியில் நின்று எப்படிச் சொல்வது?

 டாக்டர் ஒரு தாளை எடுத்தார். "சரி. இப்ப பழைய அளவையே திரும்ப ஆரம்பிக்கிறோம். உடம்பு நிலைப்பட்டதும், கொஞ்சங்கொஞ்சமா குறைப்போம். ரெண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒரு சின்னப் படி. கீழே போகப் போகப் படி இன்னும் சின்னதாகணும். கஷ்டமா இருந்தா அந்தப் படியிலயே நிக்கலாம், வேகமா இறங்கக்கூடாது. மாசக்கணக்குல ஆகும். தூக்கம் வரவைக்கிற வேற எந்த மருந்தும், சளி மாத்திரைகூட, என்னைக் கேட்காம குடுக்கக்கூடாது. மாத்திரை ஒரே ஒருத்தர் கையில இருக்கணும். யார் குடுக்கப் போறீங்க?"

நான் டாக்டரைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தேன். இவ்வளவுக்கும் பிறகும் எனக்கு ஆசை இருந்தது.

"சின்னவ குடுக்கட்டும்" என்று அம்மா மருமகளைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு தம்பி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. தம்பி பொண்டாட்டி பேசினாள், தேவைக்கு மட்டும். மாத்திரையைக் கால் கால் துண்டாக வெட்டுவது அவளுக்கு வரவில்லை, தூளாகிவிட்டது. கடையில் மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு, அதை எடுத்துக்கொண்டு போனேன். சமையலறை மேடையில் நின்று இரண்டு வாரத்துக்கான துண்டுகளை வெட்டி, அவள் நீட்டிய டப்பாவில் நாள்வாரியாகப் போட்டேன்.

முதல் நாள் அவளிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரியில தம்பி கேட்டப்போ ஏன் நீ சொல்லல?"

அவள் டப்பாவை மூடிக்கொண்டே, "சொன்னா அத்தைக்குச் சரியாயிடுமா?" என்றாள்.

"என்மேல கோவம் இல்லியா?"

"இருக்கு அண்ணி. நெறைய இருக்கு. நான் அத்தையக் கொன்னுட்டேன்னு நெனச்சி ரெண்டு நாள் சோறு எறங்கல எனக்கு. அதை நான் மறக்கமாட்டேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஆனா எனக்கு வெட்டத் தெரியல. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து வெட்டிக்குடுத்துட்டுப் போங்க."

போனேன். ஒன்பது மாதம். மேலே இருந்து பாதி வரை இறங்கியது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அதற்குக் கீழே ஒவ்வொரு கால் துண்டுக்கும் அம்மா சண்டை போட்டாள். வியர்த்தது, காதில் இரைச்சல் என்றாள், தட்டை வீசினாள். ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு, மருமகளுக்குத் தெரியாமல் ஒரே ஒரு முழு மாத்திரை கொண்டுவந்து தரச் சொன்னாள். "நீதான்டி என் பொண்ணு. நீதான் எனக்குச் செய்வ" என்றாள். நாற்பது வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. "முடியாதும்மா" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பி பொண்டாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். டாக்டருக்குப் போன் செய்தோம். இன்னொரு மாதம் அதே படியில் நிற்கச் சொன்னார். நின்றோம்.

கடையில் முதலாளியிடமும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும் என்றுதான் சொன்னேன். அவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, தூக்க மாத்திரை வைக்கும் அலமாரியின் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். இப்போது அது வேறொருவரிடம் இருக்கிறது. பென்ஷன் வாங்கும் அந்த முசியேவை நான் வெறுமனே திருப்பி அனுப்புவதில்லை. எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறார் என்று கேட்டேன். பதினோரு வருஷம் என்றார். "நீங்களா நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட போய்க் கேளுங்க, குறைக்கிறதுக்கு வழி இருக்கு" என்று உட்காரவைத்துச் சொன்னேன்.

மாத்திரை குறையக் குறைய அம்மா திரும்பி வந்தாள். மீன்காரியிடம் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பழைய மீன் என்று தூக்கி எறிந்தாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. கடைசிக் கால் துண்டும் நின்று சில நாள் ஆன பிறகு, ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று அப்பாவை நினைத்து அழ ஆரம்பித்தாள். ஏழு வருஷத்துக்கு மேல் மாத்திரைக்குள் அமுங்கிக் கிடந்த அழுகை. சோற்றுக் கையோடு தம்பி பொண்டாட்டி மடியில் சாய்ந்து, அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் மடியும் அங்கேதான் இருந்தது. எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அழுது முடிக்கும் வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இந்த மாதம் டாக்டர் அம்மாவைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். தம்பி பொண்டாட்டிக்குக் காலை ஷிஃப்ட். அதனால் வாரத்தில் மூன்று நாள் நான் கூட்டிப்போகிறேன். பீச் ரோட்டில் ராத்திரி தடுத்த வண்டிகளைத் திரும்ப விடுவதற்கு முன்னால், காலையில். நடக்கும் நேரம் முழுக்க அம்மா பேசுவது மருமகளைப் பற்றித்தான். கம்பெனியில் அவளை லைன் சூபர்வைசர் ஆக்கிவிட்டார்களாம். அவள் வைக்கும் நெத்திலிக் குழம்பு மாதிரி யாருக்கும் வராதாம். நான் "ம்" போட்டுக்கொண்டு வருவேன்.

போன வாரம் தடுப்புச் சுவரில் உட்காரவைத்துவிட்டுக் கேட்டேன். "அம்மா, நான் செஞ்சது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் போன் பண்ணது எனக்கு ஞாபகம் இருக்குது. நீ சொன்னதும் ஞாபகம் இருக்குது."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவமேல எனக்குப் பொறாமைம்மா. உன்னால."

அம்மா அவசரப்படாமல் முழங்காலை நீவிக்கொண்டாள். "மார்க்கெட்டுல எனக்குப் பக்கத்துல ஒருத்தி உட்காருவா. என் கூடையில பாதி அப்படியே கெடக்கும், அவ வித்துட்டு எழுந்து போவா. வயிறு எரியும் எனக்கு. தெனைக்கும் எரியும்." முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அதுக்காக அவ மீன்ல நான் மண்ண வாரிப் போடலடி."

 மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. வெயில் ஏறுகிறது என்று கையை நீட்டினாள். தூக்கிவிட்டேன். பாதி தூரம் போவதற்குள் தம்பி பொண்டாட்டி போன் செய்துவிட்டாள், அம்மா சாப்பிட்டாளா என்று கேட்க. அம்மா ஓரமாக நின்று, சிரித்துச் சிரித்துப் பேசினாள். நான் அவள் செருப்பு வாரைக் குனிந்து மாட்டிவிட்டு, பேசி முடிக்கட்டும் என்று நின்றேன்.